மீட்டரில் துடிக்கும் விளக்கிலிருந்து கிணற்று மோட்டார் வரை: வீட்டு மின்சாரத்தைக் கணினியில் கண்காணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வீட்டில் ஓடும் மின்சாரம் அதில் ஒரு கோடாக நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கும், ஆர்வம் மட்டும் உள்ளவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

இதை வைத்தால் கரண்ட் பில் குறையுமா?

வைத்ததால் மட்டும் குறையாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். அறுபது நாள் செலவுக்கு நம் கையில் கிடைப்பது ஒரே ஒரு எண். மளிகைக் கடையில் என்னென்ன வாங்கினோம் என்ற சிட்டை இல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இது. யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிற படிநிலைக் கட்டணம் என்பதால், கடைசியில் சேரும் யூனிட்டுகளுக்குத்தான் அதிகப் பணம் கட்டுகிறோம். அவை ஏசியிலிருந்து வந்தனவா, கீசரிலிருந்து வந்தனவா என்று தெரிந்தால் எங்கே கை வைப்பது என்று புரியும்.

ஆனால் நான் இதை இத்தனை நாள் விடாமல் வைத்திருப்பதற்குப் பில் காரணம் இல்லை. மோட்டாரும் ஃப்ரிட்ஜும் கெட்டுப்போவதற்கு முன்னால் அவை எடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் மாறுகிறது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல அந்த மாற்றத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஒரு மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்கும் செலவில் இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

ஆம்பியர், வாட், யூனிட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘கரண்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் வரும் குழப்பம் இது. ‘கரண்ட் போச்சு’ என்கிறோமே, அப்போது உண்மையில் போனது வோல்டேஜ். கரண்ட் என்பது ஒயரில் ஓடும் அளவு, அதை ஆம்பியரில் சொல்வோம். வோல்டேஜ் அதைத் தள்ளும் அழுத்தம், நம் வீடுகளுக்கு 230 வோல்ட். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு நொடியில் செய்யும் வேலை வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சென்சார் அளப்பது பெரும்பாலும் ஆம்பியரை, மின்வாரியம் பணம் கேட்பது யூனிட்டுக்கு. நடுவில் இருக்கும் கணக்கில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதைச் செய்யலாம்?

ஒயரையே தொட வேண்டாம். உங்கள் மீட்டரைப் போய்ப் பாருங்கள். எலெக்ட்ரானிக் மீட்டராக இருந்தால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். 3200 என்ற எண்ணைப் பல மீட்டர்களில் பார்க்கலாம். அப்படியானால் ஒவ்வொரு மினுக்கலுக்கும் 0.3125 வாட்-மணி செலவாகியிருக்கிறது. இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, 1125-ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு முழுவதும் எடுக்கும் வாட் கிடைத்துவிடும். பத்து நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் 112 வாட் அளவில், ஒரு நொடிக்கு ஒருமுறை என்றால் 1125 வாட். இதற்குக் கைக்கடிகாரமே போதும்.

அந்த விளக்குக்கு எதிரே வெளிச்சத்தை உணரும் போட்டோடிரான்சிஸ்டர் ஒன்றை ஒட்டி, அதை இஎஸ்பி32 போன்ற ஒரு சிறு கணினிப் போர்டில் இணைத்தால் கணினியே எண்ணத் தொடங்கிவிடும். வெளிச்சம் புகாமல் சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ரீடிங் எடுக்க வருபவருக்குத் திரை மறையக் கூடாது. மீட்டர் சீலைத் தொடவே கூடாது, அது வாரியத்தின் சொத்து.

இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். உயிருள்ள ஒயர் எதையும் தொடாமல், வாரியத்தின் கணக்கோடு ஒத்துப்போகிற அளவு கிடைக்கிறது. அப்புறம் எந்த சென்சார் வாங்கினாலும், அது சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் இது உதவும்.

ஒயரைச் சுற்றிக் கவ்வும் சென்சார் எப்படி வேலை செய்கிறது?

அதற்குப் பெயர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், சுருக்கமாக சிடி. இரண்டாகப் பிளந்து திறக்கும் ஒரு காந்த வளையம், அதன்மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. வளையத்துக்குள் போகும் ஒயரில் மாறுமின்சாரம் ஓடும்போது, சுற்றிய கம்பியில் அதே விகிதத்தில் சிறு மின்சாரம் உண்டாகிறது. எல்லோரும் வாங்குவது எஸ்சிடி-013-000 என்ற வகை. அதில் 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் வெளிவரும், அதாவது 2000-க்கு 1. ஒயரை வெட்ட வேண்டாம், உரிக்கவும் வேண்டாம்.

கவ்வி வைத்தேன், ஆனால் பூஜ்யம் காட்டுகிறதே?

பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். ஒன்றில் போவதும் மற்றொன்றில் திரும்புவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் ஒயர் ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். கருவியின் முழுக் கேபிளை அப்படியே கவ்வினாலும் பூஜ்யம்தான் வரும். ஒயர்கள் தனித்தனியாக இருக்கும் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்சுகள்) பெட்டிக்குள்தான் இதை வைக்க முடியும். கரண்ட் ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஆர்சிசிபி இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. போனதும் திரும்பியதும் சமமாக இல்லையென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள், உடனே ட்ரிப் ஆகிவிடும்.

அந்த வேலையை நானே செய்யலாமா?

எம்சிபி பெட்டியைத் திறக்கிற வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். மெயினை அணைத்த பிறகும் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்ச் வரை வரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சிடியைக் கவ்வ அவருக்கு ஐந்து நிமிடம் போதும். பெட்டிக்கு வெளியே வரும் மெல்லிய ஒயரிலிருந்து உங்கள் வேலை தொடங்கட்டும்.

இன்னொன்று. சிடி ஒரு ஒயரைக் கவ்வியிருக்கும்போது அதன் வெளிமுனையை எதிலும் இணைக்காமல் திறந்து விடக் கூடாது. சாதாரண சிடியில் அப்படி விட்டால் முனைகளில் ஆபத்தான அளவுக்கு வோல்டேஜ் ஏறிவிடும். எஸ்சிடி-013-000-க்குள் ஒரு பாதுகாப்பு டயோடு இருந்தாலும் இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டாம். சிடி தரும் சிறு மின்சாரத்தை போர்டு படிக்கக்கூடிய வோல்டேஜாக மாற்ற அதன் முனைகளில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். முதலில் அதை இணையுங்கள், பிறகு கவ்வுங்கள்.

எந்த ரெசிஸ்டர் போடுவது?

100 ஆம்பியர் ஓடும்போது அலையின் உச்சி 141 ஆம்பியர். 2000-ஆல் வகுத்தால் 70.7 மில்லி ஆம்பியர். 5 வோல்டில் ஓடும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டில், அலை மேலும் கீழும் போக இடம் விட்டால் நடுப்புள்ளி 2.5 வோல்ட், எனவே 2.5-ஐ 0.0707-ஆல் வகுத்தால் 35 ஓம். கடையில் கிடைக்கும் 33 ஓம் போடலாம். 3.3 வோல்டில் ஓடும் இஎஸ்பி32-க்கு இதே கணக்கில் 22 ஓம். கணக்கு வேண்டாம் என்பவர்கள் எஸ்சிடி-013-030 வாங்கலாம். அதற்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது, 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும். இதைத் தெரியாமல் அதன்மேல் இன்னொரு ரெசிஸ்டரையும் போட்டுவிட்டு அளவு குறைகிறது என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

சிறிய விளக்கு போட்டால் கோடு அசையவே இல்லையே?

மெயினில் மாட்டிய சிடியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. மேலே சொன்ன 33 ஓம் அமைப்பில் 1 ஆம்பியருக்குக் கிடைப்பது 16.5 மில்லிவோல்ட். ஆர்டுயினோ உனோ பிரித்தறியும் மிகச் சிறிய படி 4.9 மில்லிவோல்ட். 10 வாட் விளக்கு எடுப்பது 0.04 ஆம்பியர் அளவில், அதற்கு ஒரு மில்லிவோல்ட்கூட வராது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் குண்டுமணித் தங்கம் நிறுப்பது போன்றது இது. தனி ஒரு கருவியை அளப்பதானால் அதன் பேஸ் ஒயரை வளையத்துக்குள் பத்து முறை சுற்றிவிடுங்கள். அளவு பத்து மடங்காகும், கணினியில் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடாதா?

இஸ்திரிப் பெட்டி, கீசர், பழைய குண்டு பல்பு ஆகியவற்றுக்கு வரும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும், பெருக்கினால் சரியாக இருக்கும். மோட்டார், மலிவான எல்இடி விளக்கு, கணினி இவற்றுக்கு வராது.

காரணம் இதுதான். மோட்டார் போன்றவற்றில் கரண்ட் அலை வோல்டேஜ் அலையோடு சேர்ந்து நடக்காமல் பின்தங்கி வரும். எலெக்ட்ரானிக் கருவிகள் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஆம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கி வருவதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்பதைச் சொல்வது பவர் ஃபேக்டர். அது 0.5 ஆக உள்ள ஒரு 9 வாட் எல்இடி விளக்கை வெறும் ஆம்பியர் சென்சாரால் அளந்து 230-ஆல் பெருக்கினால் 18 என்று காட்டும். வீட்டு மீட்டர் யூனிட்டாக எண்ணுவது அந்த 9-ஐத்தான். ‘சென்சார் கணக்கு பில்லைவிட எப்போதும் கூடுதலாக வருகிறது’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். சென்சார் மேல் பழி இல்லை, வோல்டேஜையும் சேர்த்து அளக்கவில்லை, அவ்வளவுதான். மேலும் நம் ஊர் வோல்டேஜ் நாள் முழுக்க 230-லேயே நிற்பதும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

பிசெம்-004டி மூன்றாம் பதிப்பு. ஒரே சிறு பலகையில் வோல்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட், ஃப்ரீக்குவென்சி, பவர் ஃபேக்டர் ஆறும் கிடைக்கும். பெருக்கல், அலைக்கணக்கு எல்லாவற்றையும் அதுவே செய்து, கேட்கும்போது எண்ணாகக் கொடுக்கும். 80 முதல் 260 வோல்ட் வரை தாங்கும், சிடி உள்ள வகை 100 ஆம்பியர் வரை அளக்கும். கணினிப் பக்கம், ஒயர் தொடர்பில்லாமல் வெளிச்சத்தால் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளரால் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மறுபக்கத்து திருகுகளில் 230 வோல்ட் வெளியே தெரிய நிற்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்காமல் இதை இயக்கவே கூடாது. சென்னையில் ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது.

அலை எப்படி வளைகிறது என்று நீங்களே பார்த்துக் கற்க விரும்பினால் சிடியோடு இசட்எம்பிடி101பி என்ற வோல்டேஜ் சென்சாரை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 50 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 20 மில்லி செகண்ட். முழு அலைகளாகப் பத்து பிடித்து அளந்தால் எண் ஆடாமல் நிற்கும்.

ஏசிஎஸ்712 இன்னும் மலிவாக இருக்கிறதே?

அது ஹால் விளைவால், அதாவது மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்ந்து, அளக்கும் சில்லு. 5, 20, 30 ஆம்பியர் என்று மூன்று வகை உண்டு. டிசியையும் அளக்கும் என்பதால் சோலார் பேட்டரிக்கு நல்லது. ஆனால் வீட்டு மின்சாரத்தை அளக்க ஒயரை வெட்டி அதன் வழியாகவே விட வேண்டும். அந்தச் சிறு பலகையில் 230 வோல்ட் திருகுகளும் கணினிக்குப் போகும் முனைகளும் விரல்கடை தூரத்தில் இருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராஸ்பெர்ரி பை போதுமா, இஎஸ்பி32 வேண்டுமா?

ராஸ்பெர்ரி பை உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினி. அதில் அனலாக் உள்ளீடு, அதாவது ஏறி இறங்கும் வோல்டேஜைப் படிக்கும் முனை, கிடையாது. சிடியை நேராக இணைக்க முடியாது, நடுவில் ஏடிஎஸ்1115 போன்ற சில்லு தேவை. இஎஸ்பி32-இல் அனலாக் உண்டு, ஆனால் வைஃபை ஓடும்போது வோல்டேஜை எண்ணாக மாற்றும் அதன் இரண்டு ஏடிசிகளில் இரண்டாவது வேலை செய்யாது. 32 முதல் 39 வரையிலான முனைகளைப் பயன்படுத்துங்கள். அளக்க இஎஸ்பி32, சேமிக்க ராஸ்பெர்ரி பை அல்லது பழைய லேப்டாப் என்று பிரித்துக்கொள்வது நிம்மதி. இஎஸ்பி32-ஐ இயக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் சிடி, பிசெம், மீட்டர் விளக்கு மூன்றுக்கும் தயார் நிலையில் வழி இருக்கிறது. நிரல் எழுத வேண்டாம், சில வரி அமைப்பு போதும். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் 2021 ஆகஸ்ட் முதல் மின்சாரத்துக்கென்றே தனிப் பக்கம் உண்டு.

எண்கள் எங்கே சேரும்? இணையத்தில் உள்ள மேகக் கணினிக்கு (கிளவுட்) அனுப்பலாமா?

பத்து நொடிக்கு ஒருமுறை பதிந்தால் நாளுக்கு 8640 வரி, வருடத்துக்கு 31 லட்சத்துக்கு மேல். இன்றைய கணினிக்கு இது ஒன்றும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஒரு வாரக் கோட்டைப் பார்த்தால் வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது யாரும் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்கும் ஆளிடம் இந்தக் கோட்டையும் கொடுக்காதீர்கள்.

மெயினில் ஒரே சென்சார் வைத்து எல்லாக் கருவிகளையும் பிரித்தறிய முடியுமா?

ஓரளவு முடியும். அமெரிக்காவின் எம்ஐடியில் 1980-களிலேயே ஜார்ஜ் ஹார்ட் இதைத் தொடங்கினார். அவருடைய விரிவான கட்டுரை 1992-இல் வெளியானது. ஒவ்வொரு கருவியும் போடும்போது கோடு ஒரு படி ஏறும், அணைத்தால் அதே படி இறங்கும். படியின் உயரத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது. கீசரின் 2000 வாட் படி தனித்து நிற்கும். ஆனால் ஒரு 75 வாட் மின்விசிறியையும் அதே அளவு எடுக்கும் டிவியையும் இப்படிப் பிரிப்பது கஷ்டம். இன்வெர்ட்டர் ஏசி படியாக ஏறாமல் மெதுவாக ஏறி இறங்குவதால் இன்னும் கஷ்டம். நான்கு பெரிய கருவிகளுக்குத் தனி சென்சார், மீதிக்கு மெயின் என்பது வீட்டுக்கு ஏற்ற வழி.

மூன்று பேஸ், சோலார் உள்ள வீடு?

மூன்று பேஸுக்கு மூன்று சிடி வேண்டும். சோலார் இருந்தால், வெறும் சிடிக்கு மின்சாரம் வருகிறதா போகிறதா என்ற திசை தெரியாது. பிசெம்-004டி-யும் திசை காட்டாது. திசை காட்டும் மீட்டரைத்தான் வாங்க வேண்டும்.

செட்-டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதாதா?

அளந்து பாருங்கள். பல பெட்டிகள் ரிமோட்டில் அணைத்த பிறகும் ஏறக்குறைய அதே அளவு எடுக்கும். 10 வாட் என்றால் அறுபது நாளில் 14.4 யூனிட்.

ஃப்ரிட்ஜின் கோட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை வாட் என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் வழக்கமாக 25 நிமிடம் ஓடும். ஒரு மாதத்தில் அது 40 நிமிடமாகிவிட்டது. வெயில் என்று நினைத்தேன், ஆனால் இரவிலும் குறையவில்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தபோது கீழ்ப்பக்கம் தடையில்லாமல் வந்தது. ரப்பர் தளர்ந்திருந்தது. ரப்பரை மாற்றிய மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஓரிரு முறை திடீரென்று உயரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பனியை உருக்கும் ஹீட்டர்.

மின்வெட்டின்போது கோடு பூஜ்யமாகிவிடுகிறதே?

அது பூஜ்யம் அல்ல, பதிவு இல்லாத நேரம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் சராசரி எல்லாம் கெட்டுவிடும். போர்டையும் ரவுட்டரையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். பிசெம் வோல்டேஜ் பக்கத்திலிருந்தே மின்சாரம் எடுப்பதால், வெட்டு நேரத்தில் பதில் சொல்லாது. அந்த மௌனத்தையே ‘மின்வெட்டு’ என்று பதிந்துகொள்ளலாம். புனேயின் பிரயாஸ் என்ற தன்னார்வ அமைப்பு இந்தியாவின் பல ஊர்களில் வீடுகளில் கருவி வைத்து வோல்டேஜைப் பதிந்து, மின்வெட்டுகளை இப்படித்தான் வெளிக்கொண்டுவந்தது.

கிணற்று மோட்டாரைக் கண்காணிப்பது எப்படி?

என்னை இதில் இறக்கிவிட்டதே மோட்டார்தான். எங்கள் ஊர் வீட்டில் ஸ்டார்ட்டர் பெட்டியின் முகப்பில் ஒரு முள் ஆம்பியர் மீட்டர் உண்டு. அப்பா அதன் கண்ணாடியில் அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் ஒழுங்காக ஏறும்போது முள் அந்தக் கோட்டில் நிற்கும். கீழே இறங்கினால் கிணற்றில் தண்ணீர் இல்லை, மேலே போனால் ஏதோ இறுகியிருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, முள் இறங்கியிருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவார். ஒரு கோடையில் இருவரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது தானியங்கி டைமர் மோட்டாரைப் போட்டது. தண்ணீர் இல்லாமல் நான்கு மணி நேரம் ஓடியது. நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, பேரிங்குக்கு எண்ணெயும் அதுதான். திரும்பி வந்து பார்த்தபோது காயில் கருகிவிட்டது.

இப்போது அந்தக் கோட்டை பிசெம் பார்க்கிறது. எங்கள் ஒரு எச்பி மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது 6 ஆம்பியர், 1100 வாட் அளவில். தண்ணீர் நின்றால் ஆம்பியர் 4-க்கு மட்டுமே இறங்குகிறது, வாட்டோ 500-க்குக் கீழே போய்விடுகிறது. சும்மா சுற்றும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் சரிவதால் இந்த வித்தியாசம். மாலையில் வோல்டேஜ் குறையும்போது ஆம்பியர் தானாக ஏறும், அந்த நேரத்தில் ஆம்பியரை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். அதனால் வாட்டைத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன்.

போட்டவுடன் ஒரு கணம் பல மடங்கு மின்சாரம் பாயும், அதனால் முதல் ஐந்து நொடியைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன்பின் முப்பது நொடி தொடர்ந்து 700 வாட்டுக்குக் கீழே இருந்தால் நிறுத்தம். ஐந்து நொடிக்குப் பிறகும் 12 ஆம்பியருக்கு மேல் இருந்தால் கப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது பம்பின் சக்கரத்தில் கல் சிக்கியிருக்கலாம், காத்திருக்காமல் நிறுத்தம். இந்த எண்கள் எங்கள் மோட்டாருக்கு உரியவை. உங்கள் மோட்டார் நன்றாக ஓடும் ஒரு நாளில் அளந்து உங்கள் எண்ணை முடிவு செய்யுங்கள். போர்டு இயக்கும் சுவிட்சான சிறு ரிலேயால் மோட்டாரை நேரடியாக அணைக்க வேண்டாம், முனை உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் துண்டிக்கட்டும், மோட்டாரின் சுமையை ஸ்டார்ட்டர் தாங்கும்.

பழைய ஆம்பியர் மீட்டரைக் கழற்றவில்லை. சிவப்புக் கோடும் இருக்கிறது. அம்மா இன்னும் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு முள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் எனக்கு போன் வரும்.